மாத்திரைக்கு அடங்காத காணாக்கடி

கேள்வி: எனக்கு எட்டு மாதமாகக் காணாக்கடி (அரிப்போடு தோல் தடிக்கும் அர்ட்டிகேரியா). இரவில் ஒவ்வாமை மாத்திரை லீவோசெட்ரிசின் 5 மி.கி. போட்டும் தடிப்பு நிற்கவில்லை. மாற்று வைத்தியத்துக்குப் போகலாமா?

பதில்: அந்த மாத்திரையையே நீங்கள் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. 5 மி.கி. தொடக்க அளவுதான். 2 முதல் 4 வாரத்தில் அடங்காவிட்டால், சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவருக்கு மருத்துவர் 20 மி.கி. வரை கூட்டுவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம். அரிக்கும்போது மட்டும் போடுவதும் வீண். தடிப்பு எழும் முன்பே மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். அதே வகை மாத்திரையான பிலாஸ்டினுக்கு மாற்றினால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு வெறும் வயிற்றில் போடுங்கள். அதே வகையான ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடம்பில் ஏறுவது குறையும்.

இடையில் உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போடுகிறீர்களா? சிலருக்கு அவையே தடிப்பைக் கிளப்பும். பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டமிடுங்கள். 24 மணி நேரம் கழித்தும் அது அங்கேயே இருந்தால், அல்லது வலித்து, கன்றிய தடம் விட்டால், ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அப்போது தோலில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், வைத்தியமும் வேறு.

நான்கு மடங்கு மாத்திரைக்கும் அடங்காவிட்டால் அடுத்தது ஒமாலிசுமாப் ஊசி: 12 வயதுக்கு மேல், 4 வாரத்துக்கு ஒருமுறை 300 மி.கி., தோலுக்கடியில். அரிதாகக் கடும் ஒவ்வாமை வரும் என்பதால் முதல் ஊசிகளை மருத்துவமனையில்தான் போட வேண்டும். ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள்) மிகக் குறைவாக உள்ளவருக்குப் பலன் மெதுவாகத்தான் தெரியும், தெரியாமலும் போகலாம். ஆறு மாதம் பார்க்காமல் கைவிட வேண்டாம். விலை கட்டுப்படியாகாதவருக்கு நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் உண்டு. எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி., அதாவது 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 180 முதல் 300 மி.கி. ரத்த அழுத்தத்தையும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் தொடர்ந்து பார்த்தே ஆக வேண்டும். இந்த மருந்து சாப்பிடும்போது பம்பளிமாஸ் பழத்தைத் தொடாதீர்கள்; மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். 2025இல் அமெரிக்கா இந்நோய்க்கு டுபிலுமாப் ஊசியையும் ரெமிபுருட்டினிப் மாத்திரையையும் அனுமதித்தது.

ஸ்டீராய்டு கடுமையான நாட்களுக்கு மட்டும், அதிகம் போனால் 10 நாள். மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். நிறுத்தியதும் தடிப்பு திரும்பிவிடும்.

உங்கள் ரத்தத்திலிருந்தே சீரம் பிரித்து வாரம் ஒருமுறை போடும் ஊசி பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனால் தீங்கு குறைவு. பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலச் சூரணம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டோ பாதரசமோ கலந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. சித்த மருத்துவம் பார்ப்பதானால் பட்டம் பெற்றவரிடம் போய், இப்போது சாப்பிடும் மாத்திரைகளைக் காட்டுங்கள்.

நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சுத் திணறினால், உடனே 108ஐ அழையுங்கள்.