ஓட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் எங்களுக்குப் பிடித்த வேட்பாளருக்காக, தெருக்காரர்கள் ஆறு பேர் காசு வாங்காமல் வேலை செய்ய நினைக்கிறோம். கட்சி அனுபவம் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகர், திருச்செங்கோடு

பதில்: நோட்டீஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் வாக்குச்சாவடிக்கான வாக்காளர் பட்டியலை ("பாகப் பட்டியல்" என்பார்கள்) தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை. ஆறு பேரும் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, வீட்டு எண் வரிசையில் போங்கள். முதல் சுற்றில் ஓட்டே கேட்காதீர்கள். "உங்க வீட்டுல எல்லார் பேரும் லிஸ்ட்ல இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. பெயர் விட்டுப்போனவர்களுக்குப் படிவம் 6, வீடு மாறியவர்களுக்கும் பிழைத் திருத்தத்துக்கும் படிவம் 8. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும். பரிசீலனைக்கும் நாள் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாளுக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 85 வயது தாண்டியவர்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே வாக்களிக்க விரும்பினால் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுத்தாக வேண்டும்.

இரண்டாம் சுற்றில் பேசுங்கள். அதைவிட அதிகமாகக் கேளுங்கள். பெரும்பாலோர் செய்யும் தவறு, கதவு திறந்ததும் வேட்பாளரின் சாதனைகளை ஒப்பிப்பது. கேட்பவர் "சரிங்க, பார்க்கலாம்" என்பார், அத்தோடு பேச்சு முடிந்தது. அதற்குப் பதில், "இந்தத் தெருவுல உங்களுக்கு எது பெரிய தொல்லை?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். குடிநீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது என்று சொன்னால், அது யார் பொறுப்பு என்பதை முதலில் நேர்மையாகச் சொல்லுங்கள். நகராட்சி செய்ய வேண்டியதை எம்.எல்.ஏ. செய்வார் என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அடுத்த தேர்தலில் அதே வாசலில் நிற்க முடியாது.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று குறிகள் போதும்: நம் பக்கம், யோசிக்கிறவர், எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்து வீட்டில் வணக்கம் சொல்லி விடைபெறுங்கள். வாதம் செய்தால் பக்கத்து வீட்டையும் இழப்பீர்கள். யோசிக்கிறவர்களிடம்தான் மறுபடி போக வேண்டும், அதுவும் முன்பு பேசிய அதே ஆள் போக வேண்டும். இரவு ஏழு மணிக்கு மேல் போனால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்று அந்த நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். பெண்கள் மனம்விட்டுப் பேசுவது காலை பதினொரு மணி வாக்கில்தான். குழுவில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: ஊராட்சித் தேர்தலில் நான்கு ஓட்டுப் போட வேண்டும் என்கிறார்கள். வயதானவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, மணப்பாறை

பதில்: நிறத்தைச் சொல்லிப் புரியவையுங்கள். தமிழ்நாட்டு ஊரகத் தேர்தல்கள் 2019-இலும் 2021-இலும் வாக்குச்சீட்டில் நடந்தன. ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு மஞ்சள், ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் இரண்டும் கட்சி சாராத பதவிகள். அங்கே கட்சிச் சின்னம் இருக்காது. "எங்க கட்சிச் சின்னத்தைக் காணோமே" என்று தடுமாறிக் கண்டபடி குத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. தலைவர் வேட்பாளருக்கு எந்தச் சின்னம் என்பது ஒதுக்கிய பிறகே தெரியும். அதற்கு முன் அச்சடிக்கும் நோட்டீஸ் வீண்.

ஒரு வெள்ளைத்தாளில் கட்டங்கள் போட்டுப் பழக்குங்கள். முத்திரை ஒரே கட்டத்துக்குள், சின்னத்தின் மேலேயே விழ வேண்டும். இரண்டு பேருக்கு நடுவே கோட்டின் மேல் விழுந்தால் ஓட்டு செல்லாமல் போகும். கைநாட்டோ கையெழுத்தோ வைக்கக் கூடாது. மடிக்கும்போது முதலில் நெடுக்கே, பிறகு குறுக்கே. மை எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். அம்புக்குறி முத்திரையின் பிம்பம் திரும்பி விழும் என்பதால் எது அசல் என்று எண்ணுகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அசல் சீட்டின் நிறத்தில் மாதிரிச் சீட்டு அடிக்காதீர்கள்.

இன்னொன்று: ஊராட்சி ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பச்சை, மஞ்சள் சீட்டுகளின் கனம் அங்கே இருக்கிறது. தலைவர் பதவிக்கு ஓடி ஓடி வேலை செய்துவிட்டு இவை இரண்டையும் விட்டுவிடுவது பெரிய இழப்பு.

கேள்வி: சொந்தச் செலவில் ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: வேட்பாளரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் கூடாது. பாரதிய நியாய சம்ஹிதா 176-ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகச் செலவு செய்கிறவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்படாத செலவுக்கு மட்டும் பத்து நாளுக்குள் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்ற விலக்கு இருக்கிறது. நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் முகவரியும், வெளியிடுபவரின் பெயர் முகவரியும் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அச்சகக்காரர் "அதெல்லாம் எதுக்கு சார்" என்பார். விடாதீர்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பில் பணம் கொடுத்துவிட்டார்கள். அந்த வீடுகளில் போய் என்ன பேசுவது?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: கட்டாயம் போங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனால் வாங்கியவரிடம் சட்டம் பேசினால் கதவுதான் சாத்தப்படும். பலரை உறுத்துவது வாங்கிய காசுக்குத் துரோகம் செய்யக் கூடாது என்ற நினைப்பு. சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கியிருந்தால் அது இன்னும் கனக்கும். அவர்களைத் திட்டாதீர்கள், நீங்களும் சத்தியம் கேட்காதீர்கள். "யாருக்குப் போட்டீங்கன்னு யாராலயும் பார்க்க முடியாது, அது உங்க முடிவு" என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் ஐந்து வருடமாக நடக்காத ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம். பணம் கொடுப்பதை நேரில் பார்த்தால், சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார்ச் செயலியில் அப்போதே படமோ வீடியோவோ எடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: வாக்குப்பதிவு நாளன்று என்ன செய்யலாம், என்ன கூடாது?
- வாசகி, கோவில்பட்டி

பதில்: சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் கட்சி மேசையும் அந்த 100 மீட்டருக்கு அப்பால்தான் (2025 வரை 200 மீட்டர் என்று இருந்தது). ஒரு மேசை, இரண்டு நாற்காலி, வெயிலுக்கு ஒரு குடை. அங்கே கொடுக்கும் சீட்டு வெள்ளைத்தாளில் இருக்க வேண்டும், சின்னமோ கட்சிப் பெயரோ வேட்பாளர் பெயரோ கூடாது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் சரியாக இருந்தாலே வரிசையில் பாதி நேரம் மிச்சம்.

பாட்டிகளை ஆட்டோவில் அழைத்துப்போகும் ஆசை எல்லோருக்கும் வரும். வேட்பாளர் தரப்பிலிருந்து வண்டி வைத்து வாக்காளர்களை ஏற்றிப்போவது தேர்தல் முறைகேடு, வெற்றியே செல்லாமல் போகலாம். அவரவர் வீட்டு வண்டியில் குடும்பத்தோடு வருவதில் தடையில்லை.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் ரேஷன் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களை முதல் நாளே எச்சரியுங்கள், அது அடையாள ஆவணப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப் மட்டும் போதாது. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார் கொண்டுவரச் சொல்லுங்கள். தன் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டதாகச் சொல்லி ஒருவர் திரும்பி வந்தால், அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சாவடியின் தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டு (இப்படிப்பட்டவர்கள் தனிச் சீட்டில் போடும் ஓட்டு) கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது என்று சொல்லி, உள்ளே திருப்பி அனுப்புங்கள்.