லண்டனில் என் பிளாட்டின் லீஸ் இன்னும் 81 வருஷம்தான். புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமா, இப்போதே நீட்டிக்கலாமா?

காத்திருக்காதீர்கள். லீஸ் 80 வருஷத்தைத் தொடுவதற்கு முன் உங்கள் கையில் இருப்பது ஒரு வருஷம்கூட இல்லாமல் இருக்கலாம்.

1993ஆம் வருஷச் சட்டப்படி (இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும்), நீங்கள் முறையாகக் கேட்டால் ப்ரீஹோல்டர் (கட்டடத்தின் நிரந்தர உரிமையாளர்) 90 வருஷம் கூட்டித் தந்தே ஆக வேண்டும். அவருக்கு வருஷாவருஷம் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்டும் அதோடு போய்விடும். லீஸ் 80 வருஷத்துக்கு மேல் இருக்கும்வரை, அவர் இழக்கும் அந்த வாடகைக்கும், வீடு அவர் கைக்குத் திரும்புவது தள்ளிப்போவதற்கும் ஈடு கட்டினால் போதும். 80ஐத் தொட்டுவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' வந்து சேரும். லீஸ் நீண்டதால் கூடுகிற மதிப்பில் பாதி அவருக்குப் போகும். பல ஆயிரம் பவுண்டு விஷயம் இது.

2024 மே மாதம் நிறைவேறிய சட்டம் இந்த மேரேஜ் வேல்யூவை ஒழித்து, 990 வருஷம் தருவதாகச் சொல்கிறது. ஆனால் அந்தப் பகுதிகளை அரசு உடனே நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. வீடு வாங்கி இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்ற விதி மட்டும் 2025 ஜனவரி 31 முதல் போயிற்று. 75 வருஷம் மிச்சம் உள்ளவர், விற்கவோ மார்கேஜ் மாற்றவோ அவசரம் இல்லாதவர் பொறுத்துப் பார்க்கலாம். உங்களுக்கு மேரேஜ் வேல்யூவே இன்னும் வரவில்லை. காத்திருந்து அதை ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்? 81ம் 90ம் சேர்ந்தால் 171. பேரப்பிள்ளைகளுக்கும் தாராளமாகப் போதும்.

முதலில் லீஸ் பத்திரத்தை எடுத்துக் காலம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். எங்கள் ஹாரோ பிளாட்டின் பத்திரத்தில் கையெழுத்தானது ஆகஸ்ட் மாதம். ஆனால் 99 வருஷம் ஓடத் தொடங்கியது அதற்கு முந்தைய டிசம்பர் 25. எட்டு மாதம் அப்படியே குறைந்துவிட்டது!

அப்புறம், ப்ரீஹோல்டரிடமிருந்து "125 வருஷமாக மாற்றித் தருகிறோம், சர்வேயர் (விலை மதிப்பிடுபவர்) செலவு மிச்சம்" என்று கடிதம் வரலாம். எங்களுக்கும் வந்தது. இரண்டாம் பக்கத்தில், பழைய காலம் முடியும்வரை கிரவுண்ட் ரென்ட் தொடரும் என்று ஒரு வரி. இது 1993 சட்ட வழி இல்லை என்பதால், அவர்கள் இழுத்தடித்தால் கேட்க ஆளில்லை, வருஷமும் ஓடிக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த வேலை தெரிந்த சர்வேயரையும் சொலிசிட்டரையும் (வக்கீல்) பிடித்து, 42ஆம் பிரிவு நோட்டீஸ் (1993 சட்டப்படி நீட்டிப்பு கேட்கும் கடிதம்) ப்ரீஹோல்டருக்கு அனுப்புங்கள். நோட்டீஸ் கொடுத்த தேதியிலேயே மதிப்பு நின்றுவிடும். பேச்சுவார்த்தை இழுத்து 80க்குக் கீழே போனாலும் பாதகமில்லை. அவர்கள் தரப்பு வக்கீல், சர்வேயர் செலவில் நியாயமானதையும் நீங்கள்தான் கட்ட வேண்டும், அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். ப்ரீஹோல்டரின் பதில் நோட்டீஸ் வந்து விலை படியவில்லை என்றால், அது வந்த ஆறு மாதத்துக்குள் டிரிபியூனலுக்கு (இந்த வழக்குகளைத் தீர்க்கும் தீர்ப்பாயம்) விண்ணப்பித்தாக வேண்டும். தவறினால் உங்கள் நோட்டீஸ் செத்துவிடும், மறுபடி கொடுக்க ஒரு வருஷம் ஆகும். உங்கள் லீஸ் அதற்குள் 80க்குக் கீழே போயிருக்கும். அந்தத் தேதியைச் சொலிசிட்டரிடம் விட்டுவிடாமல் நீங்களும் குறித்து வையுங்கள்.