ஜெனரேட்டர் டர்போ ஜாமா? புதுசு வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் சின்ன மாங்கூழ் யூனிட் நடத்துகிறோம். 125 கேவிஏ ஜெனரேட்டர், ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜின். சீசன் முடிந்து நிறுத்தியதுதான், நடுவில் எப்போதாவது லோடு இல்லாமல் ஓட்டிப் பார்ப்போம். இப்போது லோடு கொடுத்தால் கரும்புகை கக்குகிறது, 50 ஹெர்ட்ஸ் 45-க்கு இறங்கி ட்ரிப் ஆகிவிடுகிறது. டர்போ ஜாம், புதுசு போடணும் என்கிறார் மெக்கானிக். படகு இன்ஜின்களில் டீசல் ஊற்றி ஊறவைத்தே சுற்றவைப்பார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் டர்போவை, அதாவது புகையின் வேகத்தில் ஒரு வீல் சுழன்று, அதே ஷாப்டில் உள்ள இன்னொரு வீலால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகத்தை, கழற்றி மேஜைமேல் வைத்துத்தான் செய்யணும், அதுவும் எதனால் ஜாம் ஆனது என்று தெரிந்த பிறகு. காரணம் தெரியாமல் புது டர்போ ஏற்றினால் அதுவும் அடுத்த சீசனுக்குள் போய்விடும், அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

நீங்கள் சொல்லும் அறிகுறி காற்றுப் பற்றாக்குறையைக் காட்டுகிறது. லோடு இல்லாதபோது இன்ஜினுக்கு டர்போ தரும் கூடுதல் காற்று தேவையே இல்லை, அதனால் சும்மா ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். கூழ் பிழியும் பல்ப்பரும் பம்பும் சேர்ந்ததும், வேகம் விழாமல் பார்த்துக்கொள்ளும் கவர்னர் டீசலை அள்ளிக் கொடுக்கிறது, எரிக்கக் காற்று இல்லை, எரியாத டீசல் கரும்புகையாகப் போகிறது, வேகம் விழுகிறது. ஆனால் ஏர் பில்டர் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். மாசக்கணக்கில் நின்ற மெஷினில் எலி கூடு கட்டியிருக்கும், குழாய் வாயில் குளவி மண் அப்பியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் டர்போ. கை வைக்கும் முன் பேனலை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு பேட்டரி நெகடிவ் கேபிளையும் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் கரண்ட் போனால் உங்கள் ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகும், அப்போது விரல் உள்ளே இருந்தால் விரல் போச்சு. இன்ஜின் நன்றாக ஆறியதும் ஏர் பில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, உள்ளே தெரியும் அலுமினிய வீலை (காற்றைத் தள்ளும் கம்ப்ரஸர் வீல்) விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றணும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பயப்படாதீர்கள், அந்த பேரிங் ஆயில் படலத்தில் மிதக்கிற வகை. முன்னும் பின்னும் தள்ளும்போது ஆட்டம் கைக்குத் தெரிகிற மாதிரி இருந்தாலோ, ஒரு பக்கம் அழுத்திச் சுற்றும்போது பிளேடு உரசினாலோ பேரிங் போய்விட்டது. நன்றாகச் சுற்றினால் டர்போவை விட்டுவிட்டு இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ் கிளாம்ப், டீசல் பில்டர், சைலன்சர் அடைப்பு இவற்றைப் பாருங்கள்.

சுற்றவே இல்லை என்றால் சைலன்சர் பக்கக் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், விஷயம் அங்கேதான் தெரியும். செம்பழுப்பாகத் துருச் செதில் இருந்தால் மழைத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புகை சுற்றும் டர்பைன் வீல் நிக்கல் கலவை, சுலபத்தில் துருப்பிடிக்காது. அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்புக் கூடு துருவேறி உப்பி வீலைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரோடு புகைக்கரியும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் மோசம். உங்கள் சொந்தக்காரர் சொன்ன படகுக் கதையும் இதேதான். படகில் புகையைக் குளிர்விக்க எக்ஸாஸ்ட் குழாயிலேயே கடல்தண்ணீரைக் கலந்துவிடுவார்கள், அந்த வளைவுக்குழாய் உள்ளே அரித்துவிட்டால் உப்புத்தண்ணீர் டர்பைனுக்குள் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் நிற்கிற விசைப்படகுக்கு அது போதும், தடை முடிந்து கிளப்பும்போது வீல் அசையாது.

துரு மட்டும்தான் காரணம் என்றால் உங்கள் டர்போ பிழைக்க வாய்ப்பு அதிகம். இன்ஜினிலேயே வைத்து டீசல் ஊற்றாதீர்கள், அது எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் (சிலிண்டர்களின் புகை சேரும் குழாய்) தேங்கும், ஸ்டார்ட் செய்ததும் சூட்டில் பற்றிக்கொள்ளும். கழற்றி, கூடுகளின் நிலையை மார்க் செய்துகொண்டு, டர்பைன் பக்கம் துரு இளக்கும் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். மறுநாள் இரண்டு வீலையும் கையால் முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். கம்ப்ரஸர் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புவது, பிளேடில் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்புவது இரண்டும் வேண்டவே வேண்டாம். நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுகிற சாமான், பிளேடு நுனி கொஞ்சம் வளைந்தாலும் பேலன்ஸ் போய்விடும்.

துரு இல்லை, ஷாப்ட் பக்கம் கறுப்பாகக் கட்டிபிடித்திருக்கிறது என்றால் ஆயில் கருகியிருக்கிறது. முழு லோடில் ஓடிய இன்ஜினை அப்படியே ஆஃப் செய்தால் வரும் வினை இது: டர்பைன் தணலாக இருக்கிறது, ஆயில் ஓட்டம் நின்றுவிட்டது, பேரிங்கில் தங்கிய ஆயில் வெந்து கரியாகிறது. இதை ஊறவைத்துச் சுற்றவைக்கலாம், ஆனால் பேரிங்கில் கீறல் விழுந்திருக்கும், கார்ட்ரிட்ஜ் (ஷாப்ட், பேரிங், வீல் சேர்ந்த நடுப்பகுதி) மாற்றுவதுதான் சரி. பிளேடு உடைந்திருந்தால் துண்டுகள் இன்டர்கூலரில் கிடக்கும், அதைக் கழுவாமல் எதையும் பூட்டாதீர்கள்.

பழசோ புதுசோ, பூட்டும்போது ஆயில் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் கழற்றி ஊதிப் பாருங்கள், ஆயிலும் பில்டரும் மாற்றுங்கள். ஆயில் இணைப்புகளில் சிலிகான் பேஸ்ட் தடவ விடாதீர்கள், பிதுங்கிய துணுக்கு ஓட்டையை அடைத்துவிடும். ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, டீசலை நிறுத்திவைத்து, பிரஷர் ஏறும்வரை விட்டு விட்டு கிராங்க் செய்து, அப்புறம் ஸ்டார்ட் செய்து சில நிமிஷம் லோடு இல்லாமல் ஓட்டுங்கள்.

சீசன் ஓடுகிறது, ஜாமான டர்போவோடு பாதி லோடில் சமாளிக்கலாமா என்று தோன்றும். பெரிய கப்பல் இன்ஜின்களில் டர்போவின் ரோட்டரை (சுழலும் ஷாப்டும் வீல்களும்) அசையாமல் பூட்டிவிட்டுக் குறைந்த லோடில் கரை சேர்வதற்கு வசதி உண்டு. உங்களுடையதில் அது இல்லை, எக்ஸாஸ்ட் சூடு ஏறி வால்வு, பிஸ்டன் வரை போகும். வாடகை ஜெனரேட்டர் எடுத்துவிடுங்கள், அதுதான் மலிவு.

இனிமேல் லோடை எடுத்த பிறகு மூன்று முதல் ஐந்து நிமிஷம் ஓட்டி ஆறவிட்டே நிறுத்துங்கள். சீசன் இல்லாத மாசங்களில் மாசம் ஒருமுறை அரைமணி நேரம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டுங்கள், லோடில்லாமல் ஓட்டுவது உள்ளே கரியைத்தான் சேர்க்கும். சைலன்சர் வாய் வானத்தைப் பார்த்து இருக்கிறதா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். இருந்தால், புகை தள்ளும்போது திறந்து, இன்ஜின் நின்றதும் தானாக மூடிக்கொள்ளும் தட்டு மூடி ஒன்றைப் போட்ட பிறகே டர்போவை ஏற்றுங்கள்.