மகன் அனுப்பிய காசும் அடைவில் இருக்கும் தாலிக்கொடியும்

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் கோண்டாவிலில் இருக்கும் ஓர் ஆசிரியை, வயது 54. மகன் கனடாவில் ஸ்காபரோவில் வேலை செய்கிறான். தன் தங்கச்சியின் கலியாணத்துக்கென்று அவன் அனுப்பும் காசைச் சேர்த்து வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டிருக்கிறேன். இப்போது 15 இலட்சம் இருக்கிறது. வட்டி 8 வீதம், சித்திரையில் முதிர்கிறது. மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், கலியாணத்துக்கு இன்னும் மூன்று வருடமாவது செல்லும்.

இரண்டு வருடத்துக்கு முன் இவருடைய கண் சத்திரசிகிச்சைக்கும் சமையலறைக் கூரைக்குமாக என் தாலிக்கொடியை அடைவு வைத்து 5 இலட்சம் எடுத்தேன். 14 வீத வட்டி. மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறேன், முதல் அப்படியே நிற்கிறது. மாசியில் திரும்பவும் புதுப்பிக்க வேண்டும். போன தடவை புதுப்பித்தபோது, பவுண் விலை ஏறியபடியால் இன்னும் கூட எடுக்கலாம் என்றார்கள். மாதம் 10,000 ரூபாய்ச் சீட்டு ஒன்றும் கட்டுகிறேன், வைகாசியில் 2 இலட்சம் கைக்கு வரும்.

"பிக்ஸட்டை உடைத்துக் கொடியை மீள்" என்று இவர் ஒவ்வொரு நாளும் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அடைவு வைத்தது மகனுக்குத் தெரியாது. வீடியோவில் கதைக்கும்போது மஞ்சள் கயிறு தெரியாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டுதான் கதைக்கிறேன். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு இந்தக் கணக்கு விளங்கவில்லையா ஐயா?

பதில்:

ரீச்சர், உங்களுக்குக் கணக்கு நன்றாக விளங்குகிறது. விளங்குகிறபடியால்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் அதை ஒருதரம் போட்டுவிட்டு மற்றதைக் கதைப்போம்.

அடைவில் 5 இலட்சத்துக்கு 14 வீதம் என்றால் வருடத்துக்கு 70,000 ரூபாய் போகிறது. வைப்பில் கிடக்கும் 15 இலட்சத்தில் அதே அளவு பங்கு, அதாவது 5 இலட்சம், உழைத்துத் தருவது 40,000. அதிலும் 10 வீதத்தை வங்கி வரியாகப் பிடித்தால் 36,000. இன்றைய வீதத்தில் வருடம் 34,000 ரூபாய் உங்கள் கையைவிட்டுப் போகிறது. இவர் சொல்வது இதைத்தான். கணக்கில் அவர் பிழை இல்லை.

வரியைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. 2025 சித்திரையில் இருந்து, வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் சுய பிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் நிரப்பிக் கொடுத்தால் அந்த 10 வீதத்தைப் பிடிக்க மாட்டார்கள். உங்கள் சம்பளத்தையும் வட்டியையும் கூட்டிப் பாருங்கள். 18 இலட்சத்துக்குள் வந்தால் வருடம் 12,000 ரூபாய் உங்களுக்கே மிஞ்சும். வங்கிக்குப் போகும்போது கேளுங்கள்.

சரி, இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. தெரிந்திருந்தும் ஏன் மனம் வரவில்லை?

எங்கள் வீட்டுக் குசினித் தட்டில் மூன்று பால்மா ரின்கள் இருந்தன. ஒன்றில் பள்ளிக்கூடச் செலவு. ஒன்றில் நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்த காசு, மஞ்சள் துணியில் முடிந்தது. மூன்றாவது, ஊரில் நடக்கும் கலியாணம், சாமத்தியச் சடங்குக்குக் கொடுக்க. மண்ணெண்ணெய்க்குக் காசு இல்லாத நாளில் அம்மா பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கைமாற்று வாங்குவார். தட்டில் கிடக்கும் ரின்னைத் திறக்க மாட்டார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. இந்த வேலைக்கு வந்து பல வருடத்துக்குப் பிறகுதான், அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த ரின்கள் இருக்கின்றன என்று கண்டேன். வங்கிக் கணக்கு, சீட்டு, அடைவு என்று பெயர்தான் வேறு.

காசுக்கு இப்படி மனதுக்குள் தனித்தனிக் கணக்கேடு வைக்கும் பழக்கத்தை ஆராய்ந்தவர் ரிச்சர்ட் தேலர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். 2017 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1981 இல் டானியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. நாடகம் பார்க்கப் போகிறீர்கள், ரிக்கற் 10 டொலர். வாசலில் பார்த்தால் 10 டொலர் தாள் ஒன்று தொலைந்திருக்கிறது. அப்படியும் ரிக்கற் வாங்குவீர்களா என்று கேட்டார்கள். 88 வீதமானவர்கள் வாங்குவோம் என்றார்கள். இன்னொரு குழுவிடம், ஏற்கனவே வாங்கிய ரிக்கற் தொலைந்துவிட்டது, இன்னொன்று வாங்குவீர்களா என்று கேட்டபோது 46 வீதமானவர்களே ஓம் என்றார்கள். இரண்டு தடவையும் போனது அதே 10 டொலர். ஆனால் ரிக்கற் தொலைந்தபோது அது "நாடகச் செலவு" என்ற ஏட்டில் ஏறிவிட்டது, இன்னொருதரம் அதில் எழுத மனம் ஒப்பவில்லை.

உங்கள் 15 இலட்சமும் அப்படித்தான். அதில் மகனின் பெயரும் மகளின் பெயரும் எழுதியிருக்கிறது. பிள்ளை பனிக்குள் நின்று உழைத்த காசு என்று சொல்லிச் சொல்லியே அதைக் காத்திருப்பீர்கள். நகை அப்படி இல்லை. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு போருக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்டு நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது, எத்தனை பேரின் கையில் மிஞ்சியது சேலைத் தலைப்பில் முடிந்த நகை மட்டும்! உங்களுக்கு அப்போது இருபத்துநான்கு வயதளவில் இருந்திருக்கும். கஷ்டத்துக்கு நகை, நாளைக்கு வைப்பு என்று எங்கள் தலைமுறையின் மனதில் பதிந்தது சும்மா இல்லை. கண்ணுக்கும் கூரைக்கும் கொடியைக் கொண்டுபோனதில் ஒரு பிழையையும் நான் காணவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. போன நகை திரும்பி வராமல் இரண்டு வருடம் நிற்பதுதான் பிரச்சினை.

அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. மாதம் 5,800 ரூபாயளவு வட்டி கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது, ஒரு கடமை முடிந்த நிம்மதி வருகிறது. இழப்பு சிறு சிறு துளியாகப் போவதால் வலிக்கவில்லை. வைப்பை உடைப்பதோ ஒரே வெட்டு. இலாபம் தரும் மகிழ்ச்சியைவிட அதே அளவு இழப்பு தரும் வலி பெரிது என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979 இலேயே எழுதினார்கள். அந்தப் பெரிய வலிக்குப் பயந்துதான் சின்ன வலியைக் காலமெல்லாம் தாங்குகிறோம்.

ஆகையால், காசுக்குப் பெயர் வைப்பது மூடத்தனம், எல்லாம் ஒரே காசு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பெயர்தான் 15 இலட்சத்தைச் சேர்த்தது. பெயர் இல்லாவிட்டால் மதிற்சுவராகவோ மோட்டார்சைக்கிளாகவோ எப்போதோ போயிருக்கும். அது ஒரு வேலி. இவர் உடை என்கிறபோது, வேலியில் பொட்டு விழப்போகிறதே என்றுதான் உங்கள் மனம் அடிக்கிறது. பொட்டு விழுந்தால் முதலில் கோழி வரும், பிறகு நாய், பிறகு மாடு. உங்கள் பயம் சரி. ஆனால் வேலிக்குப் படலை என்று ஒன்று இருக்கிறது. திறந்து உள்ளே போய், வந்ததும் கொளுவிவிடலாம்.

படலையால் போவது இப்படி. வைப்பை இடையில் உடைக்க வேண்டாம். உடைத்தால் 8 வீதம் தராமல் குறைந்த வீதத்தில் கணக்குப் பார்ப்பார்கள். வைப்புப் பத்திரத்தை வைத்து அதே வங்கியில் 5 இலட்சம் கடன் கேளுங்கள். பொதுவாக வைப்பு வட்டியைவிட இரண்டு மூன்று வீதம் கூட்டித் தருவார்கள். 10.5 வீதம் என்று வைத்தால், சித்திரை வரையான நான்கு மாதத்துக்கு 17,500 ரூபாய். அடைவில் விட்டால் அதே காலத்துக்கு 23,300. மிச்சம் ஆறாயிரத்துக்கும் குறைவு. அந்த ஆறாயிரத்துக்காக இதைச் சொல்லவில்லை. வைப்பு உடையாமல் நிற்க, கொடி இந்த மாதமே வீட்டுக்கு வரும். சித்திரையில் வைப்பு முதிர்ந்ததும் 5 இலட்சத்தால் கடனை அடைத்துவிட்டு, 10 இலட்சத்தைத் திரும்பப் போடுங்கள். வங்கி முறிந்தால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி இலங்கையில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைக்கும்தான். 10 இலட்சம் அதற்குள் அடங்கும்.

இனிப் படலையைக் கொளுவுவது. ஒரு கொப்பி எடுத்து முதல் பக்கத்தில் எழுதுங்கள்: மகளின் கலியாணக் காசில் அம்மா எடுத்தது 5 இலட்சம். வைகாசியில் வரும் சீட்டுக் காசு 2 இலட்சம் அங்கேயே போகட்டும். அது எதற்கென்று நீங்கள் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். பெயர் வைக்காத காசு வந்த கிழமையே போய்விடும், அதற்கு இப்போதே பெயர் வையுங்கள். மிச்சம் 3 இலட்சம். சீட்டு முடிந்ததால் மிஞ்சும் 10,000, அடைவு வட்டி நின்றதால் மிஞ்சும் 5,800, இரண்டிலும் இருந்து மாதம் 15,000 எடுத்தால் 20 மாதத்தில் அடைந்துவிடும். மகள் படித்து முடிக்கும் காலத்தில் கலியாணக் காசு முழுதாக நிற்கும். சம்பளம் விழுகிற நாளிலேயே கணக்கில் இருந்து மாறும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். சீட்டை நீங்கள் தவறாமல் கட்டியது, சீட்டுப் பிடிக்கிற அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதற்காக. இங்கே முகம் பார்க்க ஒருவரும் இல்லை, ஆகவே மாதாமாதம் யோசித்து முடிவெடுக்கும் நிலையில் உங்களை விடாதீர்கள்.

கூட எடுக்கலாம் என்றார்களே, அதை எடுக்க வேண்டாம். பவுண் விலை ஏறியதால் கிடைக்கும் காசு இலாபம் மாதிரித் தோன்றும். அது 14 வீதக் கடன்.

மகனிடம் சொல்வதைக் கடைசிக்கு வைத்தேன். செய்யும்போது இதுதான் முதல் வேலை. அது அவன் அனுப்பிய காசு, கேட்காமல் எடுக்க உங்கள் மனம் ஒப்பாதது நல்ல மனம். அப்படியென்றால் கேளுங்கள். கவலைப்படுவான், கூடக் காசு அனுப்புவான் என்று பயப்படுகிறீர்கள். வெளிநாட்டில் இருந்து என்னோடு கதைக்கும் பிள்ளைகள், அம்மா நகை அடைவு வைத்தா என்று கோபித்து நான் கேட்டதில்லை. ஊரில் இருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது என்று அழுததைக் கேட்டிருக்கிறேன். நீளமாக ஒன்றும் சொல்ல வேண்டாம். "தம்பி, அப்பான்ர கண்ணுக்கும் கூரைக்கும் கொடியை அடைவு வைச்சனான். உனக்குச் சொல்லேல்லை, அது என்ர பிழை. தங்கச்சின்ர காசில இருந்து அஞ்சு எடுத்து மீட்டுப்போட்டு, ரெண்டு வருசத்தில திருப்பி வைக்கிறன். காசு ஒண்டும் அனுப்பாதை, ஓம் எண்டு மட்டும் சொல்லு." இவ்வளவும் போதும். சொல்லும்போது முந்தானையை விட்டுவிடுங்கள்.

இவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, ஒவ்வொரு நாளும் உடை உடை என்று சொல்வதை நிற்பாட்டிவிட்டு, ரீச்சரோடு வங்கிக்கு ஒருநாள் கூடப் போங்கள்.

மாசித் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடையாள அட்டை, அடைவுச் சிட்டை, வைப்புப் பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு கிழமை நாளில் காலையிலேயே போங்கள். கொடியைத் திருப்பித் தரும்போது அவசரப்பட்டுப் பைக்குள் வைக்காதீர்கள். அங்கேயே நிறுக்கச் சொல்லி, சிட்டையில் உள்ள நிறையோடு ஒத்துப்பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.