பழைய ஐபி போன் வாங்கி வீட்டில் மாட்டினேன். 'பதிவாகவில்லை' என்றே காட்டுகிறது, ஒருமுறை பதிவானபோதும் எதிராளி குரல் கேட்கவில்லை. எங்கே தவறு?

உங்கள் கேள்வியில் இருந்து எனக்குப் புரிந்தது இதுதான். ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட ஐபி போன், அதாவது டெலிபோன் லைனில் அல்லாமல் நெட்வொர்க் கேபிளில் செருகிப் பேசும் போன், மலிவாகக் கிடைத்திருக்கிறது. ரவுட்டரில் செருகினீர்கள், விளக்கு எரிகிறது, இணையம் வழியாகப் பேசவைக்கும் எஸ்ஐபி சேவையின் கணக்கு விவரங்களையும் போட்டுவிட்டீர்கள். ஆனாலும் பேச முடியவில்லை.

இதே குழியில் நானும் விழுந்து எழுந்தவன். எங்கள் வீடு மாடி வீடு. அம்மாவுக்கு முட்டிவலி, படியேற முடியாது. அவருடைய செல்போனோ எப்போதும் சைலண்டில் கிடக்கும். மேலே இருந்து நான் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் 'என்ன தம்பி' என்பார். சரி, வீட்டுக்குள் இண்டர்காம் போட்டுவிடலாம் என்று சென்னை ரிச்சி தெருவில் இரண்டு ஐபி போன்களை 1,800 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். அடாப்டர் கிடையாது, பெட்டி கிடையாது, கையேடு கிடையாது. அரை மணி நேர வேலை என்று நினைத்தது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் சாப்பிட்டுவிட்டது.

அதில் நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். பழைய சைக்கிளை வாங்கினால் அது அன்றே நம்முடையது. பழைய ஐபி போன் அப்படி இல்லை. காசு கொடுத்து வாங்கி வந்த பிறகும் அது பழைய முதலாளிக்குத்தான் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து அதைப் பிரித்து எடுப்பதுதான் பாதி வேலை.

அதற்கு முன் மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. அலுவலகங்களில் இந்த போன்களுக்குத் தனி அடாப்டர் இருக்காது. பிஓஇ என்ற முறையில் நெட்வொர்க் கேபிள் வழியாகவே 48 வோல்ட் அளவில் மின்சாரம் வந்துவிடும். வீட்டு ரவுட்டர் அதைத் தராது. ஆகவே பிஓஇ இன்ஜெக்டரோ சரியான அடாப்டரோ வேண்டும். சில போன்களுக்கு 5 வோல்ட், சிலவற்றுக்கு 12, சிஸ்கோவின் பழைய 7900 வரிசைக்கு 48. முனை பொருந்துகிறதே என்று வைஃபை ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டரை எடுத்து 5 வோல்ட் போனில் நான் செருகப் போனேன். நல்லவேளை, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கடைசி நேரத்தில் கண்ணில் பட்டது. நீங்களும் போனைத் திருப்பி ஒருமுறை பார்த்துவிடுங்கள். பின்னால் இருக்கும் இரண்டு நெட்வொர்க் துளைகளில் 'பிசி' என்று எழுதியிருப்பதை விட்டுவிட்டு மற்றதில் ரவுட்டர் கேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது பழைய முதலாளிக்கு வருவோம். போனின் நினைவில் அவர் விட்டுப்போனவை என்னென்ன? அந்த அலுவலகத்தின் நிலையான ஐபி முகவரி, சர்வர் பெயர், அட்மின் பாஸ்வேர்ட், வெளியே பேச 9 அழுத்த வேண்டும் என்பது போன்ற டயல் விதிகள். இவற்றையெல்லாம் விட மோசமானது விலேன் எண். அலுவலகத்தில் குரலுக்கென்று நெட்வொர்க்கில் தனிப் பாதை பிரித்து அதற்கு ஓர் எண் கொடுத்திருப்பார்கள். போன் தான் அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் அந்த எண்ணைக் குத்தி அனுப்பும். வீட்டு ரவுட்டருக்கு அது புரியாது, பதிலும் சொல்லாது. கேபிள் நன்றாக இருக்கும், விளக்கு மின்னும், ஐபி முகவரி மட்டும் கிடைக்காது. என் முதல் ஞாயிறு இதிலேயே போனது. மூன்று கேபிள் மாற்றிப் பார்த்தேன்!

ஆகவே அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள். முழு ஃபேக்டரி ரீசெட் போட்டுவிடுங்கள். முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யீலிங்கில் ஓகே பட்டனைப் பத்து வினாடி போல அழுத்திப் பிடித்தால் கேட்கும். பாலிகாமில் மெனு வழியாகப் போனால் பாஸ்வேர்ட் கேட்கும், யாரும் மாற்றாவிட்டால் அது 456. கிராண்ட்ஸ்ட்ரீமின் புதிய மாடல்களில் பாஸ்வேர்ட் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கும். உங்களுடையது சிஸ்கோ 7940, 7960 போன்றது என்றால் கதை வேறு. அவற்றில் பெரும்பாலும் ஸ்கின்னி என்ற சிஸ்கோவின் சொந்த நெறிமுறைதான் ஓடும், எஸ்ஐபி அல்ல. போனுக்குக் கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி சர்வர் ஒன்றைக் கணினியில் அமைத்து மென்பொருளையே மாற்றி ஏற்ற வேண்டும். முதல்முறை செய்கிறவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.

ரீசெட் செய்தும் பழைய கம்பெனி பெயர் திரையில் மறுபடி வருகிறதா? எனக்கு வந்தது. பேய்தான் என்று நினைத்தேன். காரணம் சாதாரணமானது. பல தயாரிப்பாளர்கள் இணையத்தில் ஒரு வழிகாட்டி சர்வர் வைத்திருக்கிறார்கள். புத்தம்புதுசாக எழுந்த போன் முதல் வேலையாக அங்கே போய்த் தன் மேக் முகவரியை, அதாவது தயாரிப்பிலேயே ஒவ்வொரு போனுக்கும் தனியாகக் கொடுத்த அடையாள எண்ணை, சொல்லும். அந்த முகவரி பழைய கம்பெனியின் பெயரில் இருந்தால், 'உன் வீடு அங்கே' என்று சர்வர் திருப்பி அனுப்பிவிடும். போனும் சமர்த்தாகப் போய்ப் பழைய அமைப்பை இறக்கிக்கொள்ளும். இதைத் தடுக்க, ரீசெட் செய்யும்போது ரவுட்டருக்கு வரும் இணையக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். போன், ரவுட்டர், கணினி மூன்றும் மட்டும் இருக்கட்டும். போனின் ஐபி முகவரியைக் கணினியின் பிரவுசரில் அடித்தால் அதன் அமைப்புகள் உள்ள வலைப்பக்கம் வரும். அதில் நுழைந்து தானியங்கி அமைப்பு, அதாவது ஆட்டோ ப்ரொவிஷனிங் என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிட்டு, பிறகு இணையத்தைக் கொடுங்கள். நிரந்தரத் தீர்வு, பழைய கம்பெனியே அந்த முகவரியைத் தன் கணக்கிலிருந்து விடுவிப்பதுதான். விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்த வலைப்பக்கம் திறக்காமல் பிரவுசர் முரண்டு பிடித்தால் பயப்பட வேண்டாம். பழைய போன்களுக்குத் தெரிந்த டிஎல்எஸ் பாதுகாப்பு முறை பழையது, இன்றைய பிரவுசர்கள் அதை ஏற்பதில்லை. முகவரியின் தொடக்கத்தில் 'எச்டிடிபிஎஸ்' என்பதற்குப் பதில் 'எச்டிடிபி' போட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்தபின் எஸ்ஐபி கணக்கு விவரங்களைப் போடுங்கள். 'பதிவாகவில்லை' என்ற வார்த்தையை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, சர்வர் அனுப்பும் பதில் எண் வேண்டும். நடந்ததையெல்லாம் போன் குறித்து வைக்கும் 'லாக்' பக்கத்தில் அது இருக்கும். 401 என்று ஒருமுறை வந்தால் அது தவறே இல்லை. சர்வர் 'நீ யார், பாஸ்வேர்ட் சொல்' என்று கேட்கிறது, எஸ்ஐபியின் வழக்கமே அதுதான். 401 திரும்பத் திரும்ப வந்தாலோ 403 வந்தாலோ பெரும்பாலும் பாஸ்வேர்டில் பிழை. பயனர் பெயர், அங்கீகாரப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். சில சேவைகளில் இரண்டும் ஒன்று, சிலவற்றில் வேறு. நம்மில் பலர் வழுக்கி விழுவது அங்கேதான். 404 என்றால் அந்தப் பெயரில் ஆள் இல்லை. 408 என்றால் பதிலே வரவில்லை, சர்வர் முகவரியையோ 5060 என்ற போர்ட் எண்ணையோ சரிபாருங்கள்.

இன்னொன்று. உங்களிடமும் இரண்டு போன் இருந்தால் சர்வரே இல்லாமல் சோதித்துவிடலாம். பல போன்களில் எதிர்ப் போனின் ஐபி முகவரியையே டயல் செய்யலாம், புள்ளிக்குப் பதில் நட்சத்திரக் குறி. 192*168*1*12 என்று அழுத்தியதும் கீழே மணி அடித்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, என் முதல் சம்பளத்துக்குக்கூட அப்படி வரவில்லை. வீட்டுக்குள் இது வேலை செய்தால் போன் நல்ல போன். மிச்சப் பிரச்சினை கணக்கிலோ ரவுட்டரிலோ இருக்கிறது.

அடுத்து, எதிராளி குரல் கேட்காதது. முதலில் ஸ்பீக்கர் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஸ்பீக்கரில் கேட்டு ரிசீவரில் கேட்கவில்லை என்றால் நெட்வொர்க் பக்கமே போக வேண்டாம். சுருள் கம்பியை ஹெட்செட் துளையில் செருகியிருப்பீர்கள். இரண்டு துளைகளும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், பக்கத்தில் உள்ள சின்னப் படம்தான் வித்தியாசம். அரை ராத்திரி ரவுட்டரைக் குடைந்த பிறகே எனக்கு இது தெரிந்தது. வீட்டில் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஸ்பீக்கரிலும் கேட்கவில்லையா? அப்போது ரவுட்டர்தான். டொராண்டோவில் இருக்கும் அண்ணனோடு பேச இலவச எஸ்ஐபி கணக்கு ஒன்றைப் போட்டபோது எனக்கு இதே நிலைதான். நான் பேசுவது அவனுக்குக் கேட்டது, அவன் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. சரியாக அரை நிமிடத்தில் இணைப்பும் அறுந்தது. எஸ்ஐபி என்பது அழைப்பை ஏற்படுத்தும் பேச்சுவார்த்தை மட்டுமே. குரல் ஆர்டிபி என்ற வேறு பாதையில் வருகிறது. 'குரலை இந்த முகவரிக்கு அனுப்பு' என்று போன் சொல்லும்போது தனக்குத் தெரிந்த 192.168 எனத் தொடங்கும் வீட்டு முகவரியைச் சொல்லிவிடுகிறது. தெருப் பெயர் இல்லாமல் 'பின்கட்டு, இரண்டாவது அறை' என்று மட்டும் எழுதிய தபால் மாதிரி. டொராண்டோவில் இருந்து அது எப்படி வந்து சேரும்? அரை நிமிடக் கணக்குக்கும் காரணம் உண்டு. அழைப்பை எடுத்த பக்கம் தனக்கு வர வேண்டிய ஒப்புதல் வரவில்லை என்றால் 32 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடும்.

இதைச் சரிசெய்யப் போனில் ஸ்டன் என்ற வசதி உண்டு. தன் வெளி முகவரி என்ன என்று இணையத்தில் ஒரு சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அதற்கும் முன்னால் ரவுட்டரில் 'எஸ்ஐபி ஏஎல்ஜி' என்பதைத் தேடி அணையுங்கள். உதவி செய்கிறேன் என்று எஸ்ஐபி செய்திகளுக்குள் புகுந்து முகவரிகளைத் திருத்தும் வசதி அது. அரைகுறையாகத் திருத்திக் காரியத்தைக் கெடுப்பதே அதிகம். எனக்கு அதை அணைத்ததும் குரல் வந்துவிட்டது. இணைய நிறுவனம் கொடுத்த மோடத்தில் அந்தப் பக்கத்தையே மறைத்து வைத்திருந்தால், சேவை அனுமதிக்கும் பட்சத்தில் போன் எஸ்ஐபி செய்திகளை அனுப்பும் போக்குவரத்து முறையை, பூட்டில்லாத யுடிபியில் இருந்து டிஎல்எஸ்ஸுக்கு மாற்றுங்கள். செய்தி பூட்டப்பட்டுப் போவதால் நடுவில் யாரும் கைவைக்க முடியாது.

பதிவானபின் முதல் சில நிமிடம் அழைப்பு வந்து, பிறகு வராமல் போனால் அது வேறு நோய். போன் பெரும்பாலும் மணிக்கொரு முறைதான் பதிவைப் புதுப்பிக்கும், ரவுட்டரோ ஓரிரு நிமிடம் சத்தம் இல்லை என்றால் வாசலைச் சாத்திவிடும். வாசல் சாத்தாமல் இருக்கப் போன் அவ்வப்போது சின்னச் செய்தி அனுப்பும் 'கீப் அலைவ்' இடைவெளியை 30 வினாடிக்குள் வையுங்கள். குரலை எண்களாக மாற்றும் முறையான கோடெக் பற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஜி.711 போதும். ஒரு பேச்சுக்கு, போக ஒன்று வர ஒன்று என்று ஒவ்வொரு திசைக்கும் வினாடிக்கு 100 கிலோபிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டுக்குள் பேசுவது, இணையத்தில் இருந்து இணையத்துக்குப் பேசுவது இரண்டிலும் தொல்லை இல்லை. ஆனால் இணையத்தில் வரும் அழைப்பை சிம் கார்டு வழியாகவோ லேண்ட்லைன் வழியாகவோ ஊர் போன்களுக்குத் திருப்பிவிடும் வேலையை இந்தியாவில் உரிமம் இல்லாமல் செய்யக் கூடாது. யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் ஓடுகிறது. மேலே 101, கீழே 102. போனின் உள்ளே இருந்த பழைய அலுவலகத்தின் தடயம் எல்லாம் போய்விட்டது. பட்டன்களுக்குப் பக்கத்தில் செருகியிருந்த காகிதப் பட்டியை மட்டும் நான் எடுக்கவில்லை. 'ரிசப்ஷன்', 'ஸ்டோர்ஸ்', 'கேண்டீன்' என்று யாரோ பேனாவால் எழுதி வைத்திருந்தார்கள். கேண்டீன் பட்டனில் 102-ஐ வைத்துவிட்டேன். அம்மாவின் போன் இருப்பது அடுப்படியில்.