பள்ளி முடித்த வயதில் தற்கொலைத் தடுப்பு என்றால் என்ன?

பள்ளி முடித்து கல்லூரி, வேலை என்று நகரும் பிள்ளைகள் தாங்க முடியாத நேரத்தைத் தனியாகக் கடக்க விடாமல் பார்த்துக்கொள்வதுதான் தற்கொலைத் தடுப்பு. வீடு, நண்பர்கள், ஆசிரியர் எல்லாம் ஒரே சமயத்தில் விலகும் வயது இது. விளைவை நிதானித்து எடைபோடும் மூளைப் பகுதியோ 25 வயதையொட்டித்தான் முதிர்கிறது. பிடுங்கி நட்ட நாற்று சில நாள் வெளிறி நிற்கும். பச்சை பிடிக்கும்வரை தண்ணீர் வற்றக் கூடாது. பிளஸ் டூவில் தவறியவர்கள் அதே ஆண்டில் எழுதும் துணைத்தேர்வு அப்படியொரு தண்ணீர். விடுதிக்குப் போன பிள்ளையிடம் மார்க் கேட்கும் முன் 'சாப்பிட்டியா, தூங்கினியா' என்று கேட்பதும் அப்படித்தான். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-இல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

'சாகணும்னு தோணுதா' என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் எனப் பலர் பயப்படுகிறார்கள். அது உண்மையல்ல, கேட்பது பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கும்.