ஏப்ரல் 28 என்ன நாள்? மட்டக்களப்பில் கூலி வேலை செய்பவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது?
வேலையில் உயிரிழந்த தொழிலாளர்களை நினைக்கும் நாள் அது. 1984இல் கனடாவின் தொழிற்சங்கத்தினர் தொடங்கினார்கள்.

நம் பக்கம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கிணறுதான். செங்கலடியிலோ வாகரையிலோ கோடையில் கிணறு இறைக்கும்போது, மேலிருந்து தண்ணீர் எடுபடவில்லை என்று பெற்றோல் மெஷினையே உள்ளே இறக்கினால், அதன் புகை கீழேயே தேங்கும். அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்குவார். பதறிப்போய் அவரைத் தூக்க இறங்கும் தம்பியோ மச்சானோ கூட விழுவார். தயவுசெய்து மெஷினை உள்ளே இறக்க வேண்டாம். ஏழு மீற்றருக்கு மேல் ஆழமென்றால் மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பைப் போடுங்கள்; ஆள் இறங்குமுன் அதன் மின்சாரத்தை நிறுத்துங்கள். இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டாயம், மேலே இரண்டு பேராவது நிற்க வேண்டும்.

அப்புறம், முதலாளியிடம் வேலை செய்யும்போது ஒருவர் இறந்தால், அவர் குடும்பம் 1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வைக்கலாம். தொழில் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.